அந்த வளைவில் எங்கள் நாய்க்கு வருவது நினைவா, வெறும் பயமா?

கேள்வி: கோரிமேட்டுக்காரன்

வணக்கம். நாங்கள் சேலம் கோரிமேட்டில் குடியிருக்கிறோம். என் மனைவியின் குடும்பத்துக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருப்பதால், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் மலை ஏறிவிடுவோம். எங்கள் மணியும் உடன் வருவான். ஆறு வயதான நாட்டு நாய்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஏறிக்கொண்டிருந்தபோது, பதினோராவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்பாக மேலிருந்து மண்ணும் கல்லும் சரிந்தன. தேங்காய் அளவுள்ள ஒரு கல் காரின் முன்மூடியில் விழுந்தது. நான் பிரேக்கை அழுத்திய வேகத்தில் பின் இருக்கையில் இருந்த மணி கீழே உருண்டு விழுந்து, முன்னங்கால் சுளுக்கிக்கொண்டான். கல்லை அகற்றி வழிவிடும்வரை ஏறக்குறைய ஒரு மணிநேரம் அங்கேயே நின்றிருந்தோம். வேறு சேதம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து, கார் பத்தாவது வளைவைத் தாண்டியதும் மணி இருக்கையை விட்டு இறங்கி, முன் இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்குகிறான். பன்னிரண்டாவது வளைவு கழிந்த பிறகே வெளியே வருகிறான். மலையின் வேறெந்த இடத்திலும் இப்படிச் செய்வதில்லை. இறங்கி வரும்போதும் செய்வதில்லை. இதைவிட வியப்பானது, ஒருமுறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அதே இடத்தில் நிறுத்தி அவனையும் இறக்கிவிட்டபோது, சாதாரணமாக மோப்பம் பிடித்துவிட்டு, சாலையோரச் சுவரில் காலைத் தூக்கிவிட்டு வந்தான்.

அன்று நடந்ததை அவன் நினைத்துக்கொள்கிறான் என்கிறாள் என் மனைவி. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, மணியோசை கேட்டால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் போல இதுவும் பழக்கத்தால் வந்த எதிர்வினைதான், இதில் நினைவு என்று எதுவும் இல்லை என்கிறான்.

அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் வந்துவிடுகிறது. துடைப்பான் கண்ணாடியில் சேற்றை இழுத்தது, ஈர மண்ணின் வாடை, பின்னால் நின்ற பேருந்திலிருந்து நடத்துநர் இறங்கி ஓடிவந்தது எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: மணிக்கும் அப்படி ஏதாவது தெரியுமா? இதை அவரவர் கருத்தாக விட்டுவிடாமல், சோதித்துப் பார்க்கும் வழி உண்டா?


மறுமொழி: பழைய கரும்பலகை

ஐயா, உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் மனைவி சொல்வதற்கும் மகன் சொல்வதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது.

நாம் அன்றாடம் பேசும் தமிழிலேயே இருக்கும் ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறேன். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எனக்குத் ‘தெரியும்’. அந்தச் சாலையில் முதன்முதலாக என் தந்தையாருடன் பேருந்தில் போனது எனக்கு ‘நினைவிருக்கிறது’. முதலாவதை எப்போது, யார் சொல்லி அறிந்தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கற்ற நாள் அழிந்து, கற்றது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டாவதில் நானே அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எஸ்டோனியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய எண்டெல் டுல்விங் 1972இல் பிரித்துக் காட்டியது இந்த இரண்டையும்தான். உலகைப் பற்றிய அறிவாக நிற்பதைப் பொருள் நினைவு என்றும், நமக்கு நேர்ந்த ஒன்றாக மீள்வதை நிகழ்வு நினைவு என்றும் தமிழில் சொல்லலாம்.

இது சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு அவர் நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு நோயாளியே சான்று. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்ட அவரை ஆய்வுக் கட்டுரைகள் கே.சி. என்றே குறித்துவந்தன. அவருக்குச் சதுரங்கம் ஆடத் தெரிந்தது. பள்ளியில் படித்த கணக்கும் பூகோளமும் மறக்கவில்லை. ஆனால் தன் வாழ்வில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட, அங்கே தான் இருந்ததாக உணர்ந்து அவரால் மீட்டுச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒரே மனிதரிடம் ஒன்று அழிந்து மற்றொன்று நிற்க முடியும்.

இனி விலங்குகளுக்கு வருவோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்கிறோம். அந்தப் பழமொழி பூனையைப் பற்றிச் சொல்வது சரியாக இவ்வளவுதான்: அடுப்பங்கரை ஆகாது என்று அதற்குத் தெரியும். சூடு பட்ட அந்தச் சாயங்காலம் பூனையின் மனத்தில் திரும்ப வருகிறதா என்பதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. மணியின் நடுக்கமும், அதை மட்டும் வைத்துப் பார்த்தால், பூனையின் நிலைதான்.

இதைத் தாண்டிப் போக முடியுமா என்று பார்த்த சோதனைகளில் முக்கியமானது 1998இல் நிக்கோலா கிளேட்டனும் ஆந்தனி டிக்கின்சனும் வெளியிட்டது. ஸ்க்ரப் ஜே என்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பறவை. கிடைத்த இரையைப் பல இடங்களில் ஒளித்து வைத்துப் பிறகு எடுத்துத் தின்னும். மணல் நிரப்பிய தட்டுகளில் அந்தப் பறவைகளை நிலக்கடலையையும் மெழுகுப்பூச்சியின் புழுக்களையும் ஒளித்து வைக்கச் செய்தார்கள். புழுதான் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புழு சில நாளில் அழுகிவிடும், கடலை கெடாது. புழு அழுகும் என்பதை அனுபவத்தில் அறிந்த பறவைகள், ஒளித்து 4 மணி நேரமே ஆகியிருந்தால் புழு இருந்த இடத்துக்கும், 124 மணி நேரம் ஆகியிருந்தால் கடலை இருந்த இடத்துக்கும் போயின. மோப்பம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தேடவிடும்போது தட்டிலிருந்த இரையை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள். எப்போதும் புதிய புழுவே கிடைத்துப் பழகிய இன்னொரு கூட்டம், எத்தனை மணி நேரமானாலும் புழுவைத்தான் தேடியது. ஆக, எதை, எங்கே, எப்போது என்ற மூன்றையும் சேர்த்து வைத்திருக்கப் பறவையால் முடிகிறது. இருந்தும் அந்த ஆய்வாளர்கள் அதை நிகழ்வு நினைவு என்று அடித்துச் சொல்லாமல், நிகழ்வு நினைவை ‘ஒத்தது’ என்றே எழுதினார்கள். அந்த ஒரு சொல்லில் இருக்கும் அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பறவை அந்த நேரத்துக்குத் திரும்பப் போய்ப் பார்த்து வந்ததா, அல்லது நாள்காட்டியில் குறித்து வைத்ததைப் போல ஒரு தகவலை மட்டும் வைத்திருந்ததா என்பதை அதன் நடத்தையைக் கொண்டு பிரிக்க முடியாது. டுல்விங் வலியுறுத்தியதும் அதைத்தான். ‘இது நான் கடந்து வந்தது’ என்ற உணர்வு இல்லாவிட்டால் அது நிகழ்வு நினைவு ஆகாது என்றும், அந்த உணர்வு மனிதருக்கே உரியது என்றும் அவர் கருதினார்.

நாயைப் பற்றித் தாங்கள் கேட்டதால் ஹங்கேரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே தெரிந்தால், யாரும் பாடம் போல உருப்போட்டு வைத்துக்கொள்ளலாம். நேற்று மத்தியானம் என்ன குழம்பு என்று திடீரென்று கேட்டால்தான், உருப்போடாத ஒன்றை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளாடியா ஃபுகாட்ஸாவும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 17 நாய்களிடம் இதே தந்திரத்தைக் கையாண்டார்கள். ‘நான் செய்தபடி செய்’ என்ற கட்டளைக்கு முதலில் நாய்களைப் பழக்கினார்கள். பிறகு, உரிமையாளர் எதைச் செய்து காட்டினாலும் படுத்துக்கொள்வதுதான் வேலை என்று பழக்கம் மாற்றப்பட்டது. படுப்பதையே எதிர்பார்த்திருந்த நாயிடம், விரித்த குடையைத் தொடுவது போன்ற ஏதோ ஒரு செயலை உரிமையாளர் செய்து ஒரு நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆன பிறகு, திடீரென்று ‘செய்’ என்றார். பல நாய்கள் அந்தச் செயலைச் செய்தன. நேரம் ஆக ஆக அந்தத் திறன் குறைந்தது. தனக்குத் தேவைப்படும் என்று எதிர்பார்க்காத ஒன்றையும் நாய் சிறிது நேரமாவது வைத்திருக்கிறது என்பதுவரை இதிலிருந்து துணிந்து சொல்லலாம்.

மணியிடம் திரும்பினால், நான் முதலில் சந்தேகப்படுவது தங்களைத்தான், பொறுத்தருள வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொல்வதாக ஊரே திரண்டது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்து 1907இல் எழுதியதன்படி, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடலிலும் ஏற்பட்ட, அவரே அறியாத சிறிய அசைவைக் குதிரை படித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தங்களுக்கு அந்த நாள் வந்துவிடுகிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்; அப்போது தாங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதம், மூச்சு, வியர்வையின் வாடை எல்லாமே மாறக்கூடும். இறங்கி நின்றபோது அவன் பயப்படவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. கல் விழுந்த கதையே தெரியாத ஒருவரை ஓட்டச் சொல்லி, தாங்கள் யாரும் இல்லாமல் மணியை அனுப்பிப் பார்க்கலாமே.


மறுமொழி: சூரமங்கலத்தான்

கரும்பலகை ஐயாவிடம் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வீட்டு நாய் தூக்கத்தில் கால்களை உதறி ஓடுவது போலச் செய்யும், மெல்லக் குரைக்கவும் செய்யும். அது பகலில் நடந்ததை மறுபடி பார்க்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?


மறுமொழி: பழைய கரும்பலகை

எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப இயங்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த ஜான் ஓ’கீஃபுக்கு மோசர் தம்பதியருடன் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. விழித்திருக்கும்போது சேர்ந்து இயங்கிய அத்தகைய செல்கள் அடுத்து வரும் தூக்கத்திலும் சேர்ந்தே இயங்குவதை வில்சனும் மெக்நாட்டனும் 1994இல் காட்டினார்கள். ஆகவே பகலில் நடந்தது இரவில் மூளைக்குள் ஏதோ ஒரு வடிவில் மறுபடி ஓடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்வெட்டைப் படியெடுப்பவருக்கு அதில் எழுதியிருப்பது புரிந்தாக வேண்டியதில்லை. மூளை தன் வேலையாகப் பதிந்து வைப்பதும், ‘அன்று நான் இப்படி ஓடினேன்’ என்று நாய் அறிவதும் ஒன்றல்ல.


மறுமொழி: மிளகுக்கொடி

நான் ஏற்காட்டில் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கிறேன். காட்டு மாடுகளைப் பற்றி ஒன்றும் குரங்குகளைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் தோட்டத்தின் கீழ்க்கோடியில் முன்பு சூரிய மின்வேலி போட்டிருந்தோம். இரண்டு மூன்று காட்டு மாடுகள் மூக்கை வைத்துச் சுருக்கென்று வாங்கிக்கொண்டு போனதைக் காவலுக்கு இருந்தவர் நேரிலேயே பார்த்திருக்கிறார். பிறகு கம்பி அறுந்து, மின்கலமும் போய், வேலியைக் கழற்றிவிட்டோம். ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோட்டைத் தாண்டாமல், கம்பி இருந்த இடத்துக்கு நான்கடி தள்ளியே ஒற்றையடித் தடம் போட்டு நடக்கின்றன. மாடு மறப்பதில்லை என்று நானும் பலரிடம் சொல்லி வந்தேன். ஆனால் இப்போது அந்தத் தடத்தில் நடப்பவற்றில் பாதிக்கு மேல் வேலியைக் கழற்றிய பிறகு பிறந்த கன்றுகள். அவை கம்பியைக் கண்டதே இல்லை. தாய் போன வழியில் போகின்றன. கரும்பலகை ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு அடிபட்ட தாயும் அடிபடாத கன்றும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

குரங்குகள் கதை வேறு. தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலா மரம் இருக்கிறது. காய் முற்றும் காலத்தில் குரங்குக் கூட்டம் தினமும் வருவதில்லை. இரண்டு மூன்று நாள் நன்றாக வெயில் அடித்தால் வருகிறது. மூடுபனியும் தூறலுமாக இருந்தால் ஒரு வாரம்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இதை நான் தற்செயல் என்றே நினைத்திருந்தேன். உகாண்டாவின் கிபாலே காட்டில் மாங்கபே என்ற குரங்குகளைக் கவனித்து ஜான்மாட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்பு பழம் இருந்த அத்தி மரத்துக்கு அந்தக் குரங்குகள், இடைப்பட்ட நாட்கள் வெப்பமாக இருந்திருந்தால் கூடுதலாகவும், குளிர்ச்சியாக இருந்திருந்தால் குறைவாகவும் திரும்பிப் போயின. பழுக்க வெயில் வேண்டும் என்ற கணக்கோடு, சென்ற முறை அந்த மரம் எந்த நிலையில் இருந்தது என்பதும் அவற்றின் மனத்தில் இருந்தாக வேண்டும். எங்கள் பலா மரத்தின் வாடை லைன் வீடு முழுவதும் வீசும் என்பதால், எங்கள் குரங்குகளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூக்கே போதும்.


மறுமொழி: மேச்சேரிப் பட்டி

நாங்கள் மூன்று தலைமுறையாக ஆடு வளர்க்கிறோம். எல்லோரும் பெரிய பெரிய ஆய்வுகளைச் சொல்கிறீர்கள்; எனக்கு இதில் ஒரு மனக்குறை இருக்கிறது.

எங்கள் பட்டியில் ஒரு பெட்டையாடு இருக்கிறது. குட்டியாக இருந்தபோது குடற்புழு மருந்தை ஊற்ற வந்தவர் அவசரத்தில் தலையை அளவுக்கு மீறி மேலே தூக்கிப் பிடித்து ஊற்றியதால் மருந்து மூச்சுக் குழாயில் போய், அது செத்துப் பிழைத்தது. இன்றும் அவர் படலைத் திறந்தால் போதும், அந்த ஒரு ஆடு மட்டும் மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மற்ற யார் மருந்து ஊற்றினாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறது. செம்மறியாடுகள் 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடையாளம் வைத்திருப்பதை இங்கிலாந்தில் கெண்ட்ரிக் என்பவர் குழு 2001இல் காட்டியதாக என் மகள் படித்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது செய்தியாகவே படவில்லை. முகம் தெரிகிறது, அவர் செய்த தீங்கு தெரிகிறது, அதற்குமேல் என்ன நிரூபிக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் என் கதையே எனக்கு எதிராகப் பேசுகிறது. எனக்கு இரண்டு வயதிருக்கும்போது கிணற்றடியில் பாம்பு கடித்து, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு அந்த நாளில் ஒரு துளிகூட நினைவில்லை. ஆனால் இன்றைக்கும் நனைந்த கயிறு ஒன்று கிணற்றடியில் கிடந்தால் கால் தானாகப் பின்வாங்குகிறது. இது அந்த நாளிலிருந்து வந்ததா, அம்மா சொன்ன கதையிலிருந்து வந்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாயுள்ள எனக்கே இந்த நிலை என்றால் ஆட்டை என்ன சொல்வது?


மறுமொழி: பழைய கரும்பலகை

அம்மா, தாங்கள் எழுதிய கடைசிப் பத்தி நான் எழுதிய முழுவதையும்விடக் கனமானது. ஜெனீவாவில் கிளபரேட் என்ற மருத்துவர் 1911இல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்மணியிடம், கைக்குள் குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். சிறிது நேரத்தில் அந்த அம்மையார் அவரையும் மறந்தார், ஊசியையும் மறந்தார். ஆனால் மறுபடி கையை நீட்டியபோது கொடுக்க மறுத்துவிட்டார். ஏன் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. நாள் அழிந்த பிறகும் பயம் நிற்கும் என்பதை மனிதரிடமே காணும்போது, பயத்தைக் கண்டு நாளை ஊகிப்பது ஆட்டிடமும் நாயிடமும் செல்லாது. தங்கள் ஆட்டுக்கு அந்த நாள் நினைவில்லை என்று நான் சொல்லவில்லை. சுவரோடு ஒட்டிக்கொள்வது அதற்குச் சாட்சி ஆகாது என்று மட்டும் சொல்கிறேன்.


மறுமொழி: கோரிமேட்டுக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடி செய்து பார்த்தோம்.

என் மச்சான் ஈரோட்டில் இருக்கிறார். கல் விழுந்த செய்தி தெரியுமே தவிர, எந்த வளைவு என்று அவருக்குத் தெரியாது. அவரையும் மணியையும் மட்டும் அனுப்பினேன். என் மகன் பின் இருக்கையைப் பார்த்தபடி கைபேசியைப் பொருத்தி, கீழே அடிவாரத்திலிருந்து மேலே ஏரிவரை படமெடுக்க வைத்திருந்தான். அந்தப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். பத்தாவது வளைவு, பதினோராவது, பன்னிரண்டாவது எல்லாம் கழிகின்றன. மணி தாடையை இருக்கையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அரைக்கண் மூடிப் படுத்திருக்கிறான். வழியில் ஒரே ஒரு இடத்தில் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை வைத்தான். அங்கே சோளக்கதிர் சுடுகிறார்கள், குரங்குகளும் உட்கார்ந்திருக்கும்.

ஐயா சொன்னது சரியாகிவிட்டது. பயந்தது நான்தான், அவன் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறான். இரண்டு ஆண்டுகளாக என் கையில் இருந்ததை அவன் மேல் ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது சற்று வெட்கமாகவும் இருக்கிறது.


மறுமொழி: பழைய கரும்பலகை

வெட்கப்பட எதுவும் இல்லை. ஹான்ஸ் குதிரையைப் பார்க்க அன்று கூடிய குழுவில் பேராசிரியர்களும் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை மணிக்கு அந்த நாள் நினைவில்லை என்று காட்டவில்லை. நடுக்கத்துக்கு நினைவு தேவைப்படவில்லை என்று மட்டுமே காட்டுகிறது. அவன் அரைக்கண் மூடிப் படுத்திருந்தபோது உள்ளே என்ன ஓடியது என்பதைக் கைபேசி படம்பிடிக்காது. ஒரே ஒரு பயணம் என்பதால், அன்று அவனுக்கு வெறும் தூக்கக் கலக்கமாகவும் இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு முறை செய்து பார்ப்பது நல்லது.


மறுமொழி: மேச்சேரிப் பட்டி

மச்சான் ஓட்டியபோது தாங்களும் இல்லை, தங்கள் மனைவியும் இல்லை. அப்படியானால் பயந்தது தாங்கள்தான் என்று எப்படித் தெரியும்? அன்று கல் விழுந்தபோது வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர் அல்லவா? ஆட்டுக்கூட்டம் மிரண்டால் முதலில் எந்த ஆடு மிரண்டது என்றுதான் நாங்கள் பார்ப்போம்.


மறுமொழி: கோரிமேட்டுக்காரன்

அம்மா, தாங்கள் கேட்ட பிறகு இரண்டு ஞாயிறு போய் வந்துவிட்டோம்.

முதல் ஞாயிறு நானும் மணியும் மட்டும் போனோம். பத்தாவது வளைவு தாண்டியதும் எனக்கு வழக்கம்போல நெஞ்சு படபடத்தது. மணி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தான். இருக்கையை விட்டு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரும் போனோம். கைபேசிப் படத்தில் என் மனைவியின் இடது தோளும், ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியும் தெரிந்தன. பத்தாவது வளைவு கழிகிறது. பேச்சு நடுவில் எந்தத் தடங்கலும் இல்லாமல், தோட்டத்துக்கு எத்தனை ஆள் வர வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவள் கையை உயர்த்திக் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறாள். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கம். அதற்கு இரண்டு மூன்று நொடி கழித்து மணி எழுந்து, அவள் இருக்கைக்கு அடியில் போய்த் தலையை நுழைத்துக்கொள்கிறான். சாலையைப் பார்த்து ஓட்டும் எனக்கு இது இத்தனை நாளும் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் படத்தைக் காட்டினேன். தான் அப்படிப் பிடித்ததே தெரியாது என்றாள். அன்று கல் விழுந்தபோது எதைப் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தாள். என் தோளைப் பிடித்ததாகத்தான் தனக்கு நினைவு என்றாள்.